இருபது நிமிஷ ஜீப்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் ஜீப் அதே மாதிரிதான் நின்றது. திருவொற்றியூரைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் டிரெய்லர் லாரிகளின் வரிசையுமாகப் போய்க்கொண்டிருந்தபோது எஞ்சின் மூச்சு வாங்கியது. தஸ்னீம் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தாள். மிதிக்க மிதிக்கச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு குலுக்கல் குலுக்கிவிட்டு வண்டி அடங்கிப்போனது. பின்னால் வந்த டிரெய்லர்க்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அவள் ஸ்டியரிங்கை ஒடித்து, மிச்சமிருந்த ஓட்டத்திலேயே வண்டியைச் சாலையோர மணலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பக்கத்து சீட்டில் ரமாபாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தண்டையார்பேட்டையில் கிளம்பி இருபத்தோரு நிமிஷம். போன வாரம் பத்தொன்பது. அதற்கு முந்தைய வாரம் இருபத்திரண்டு. மடியிலிருந்த நோட்டில் அதை எழுதிக்கொண்டாள்.

நின்ற இடத்துக்கு எதிரே தார்ப்பாய் கட்டி மீன் விற்றுக்கொண்டிருந்த குப்பம்மா இவர்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். தாழங்குப்பத்துக்காரி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வாரமாக ஜீப் அவள் கடையைச் சுற்றியேதான் நின்றுகொண்டிருந்தது. போன வாரம் இவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். இந்த வாரம் கேட்காமலே இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

"உன் வண்டி இன்னாமே, என் கடை வாசம் புட்ச்சாத்தான் நிக்குமா?" என்றாள்.

பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் ஜீப் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. வழக்கமும் அதுதான்.

ரமாபாய்க்கு வயது முப்பத்து நாலு, வீடு வியாசர்பாடி. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில், இறாலும் ஐஸ்கிரீமும் ஏற்றுகிற குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கிற வேலை. தஸ்னீம் மூன்று வயது சின்னவள். ராயபுரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். ரமாபாய் அவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவள்தான். லைசென்ஸ் வந்த பிறகும் சிநேகம் விடவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சந்துகளுக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கின் மேல் காலை வைத்தபடி உட்கார்ந்திருப்பதே தஸ்னீமின் பிழைப்பு. ரோடு முடிகிற இடத்துக்கு அப்பாலும் ஓடுகிற வண்டி ஒன்றை ஒருநாளாவது ஓட்ட வேண்டும் என்பாள். அப்படிப்பட்ட வண்டி ஒன்று ஓட்டேரியில் விற்பனைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஓடிய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கிற வகை. வயது இருபத்தெட்டு. மேலே மேலே பச்சைப் பெயின்ட் அடித்து, போல்ட் எது, தகடு எது என்றே தெரியாமல் கிடந்தது. அன்றைக்கே ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிவிட்டார்கள்.

தஸ்னீமின் தெருவில் அதற்கு உடனே பெயர் வந்துவிட்டது. இருபது நிமிஷ ஜீப்.

வழி சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. டீக்கடையில் ஒருவர் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். எஞ்சின் சூடாகிறது, ரேடியேட்டரை மாற்று என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு காத்தூன் பீவி, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். லாரி எஞ்சின் வேலையில் பேர் வாங்கிய லோகநாதனின் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவன் எஞ்சினை ஓடவிட்டு, காதைக் கிட்டே வைத்துக் கேட்டு, ஃபில்டரை மாற்றினான். மறுபடியும் நின்றது. மெயின் பம்ப் செத்துவிட்டது, கழற்றி அனுப்பினால் இரண்டு வாரம் ஆகும் என்றான். அவன் வாசலில் அப்போது ஐந்து லாரி காத்திருந்தது. கெட்டவனில்லை. நேரமில்லாதவன்.

பம்பைக் கழற்ற ரமாபாய் ஒத்துக்கொள்ளவில்லை. பம்ப் செத்திருந்தால் பத்து நிமிஷத்தில் எப்படி உயிர் வருகிறது என்று கேட்டாள். சூடு இறங்கினால் வரும் என்றான் லோகநாதன். அப்படியானால் இரண்டாவது தடவை இன்னும் சீக்கிரம் நிற்க வேண்டுமே, இரண்டாவது தடவையும் இருபது நிமிஷம் ஓடுகிறதே என்று நோட்டைக் காட்டினாள். அவன் நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

விடை புதன்கிழமை மத்தியானம் யார்டில் கிடைத்தது. கப்பலுக்குப் போக வேண்டிய இறால் பெட்டி ஒன்று அடம் பிடித்தது. உள்ளே சூடு நன்றாக இறங்கும், திடீரென்று நின்று ஏறும், கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கும். ரமாபாய் குழாயின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டரை மாட்டிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கோளாறு அவளுக்குப் பழக்கம்தான். குழாய்க்குள் ஒரு சொட்டு ஈரம் புகுந்திருக்கும். குளிர் கூடும்போது அது குறுகலான வாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் உருகி வழி விட்டுவிடும். பிறகு பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மீட்டரின் முள் இறங்கி, பூஜ்யத்துக்கும் கீழே போய், கொஞ்சம் நின்று, மெல்ல எழும்பியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள். பக்கத்துப் பெட்டியில் வேலை பார்த்தவர் என்ன ஆயிற்று என்று கேட்கிற அளவுக்கு அவள் முகம் மாறியிருந்தது.

தஸ்னீமுக்குப் போன் போட்டாள். தஸ்னீம் அப்போது ஒரு பேங்க் அம்மாவுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தஸ்னி, அடைப்புதாண்டி. எப்பவும் அடைச்சிகினு இருந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆவாது. எஞ்சின் டீசல இழுக்கும்போது ஏதோ வந்து மூடிக்குது. இழுப்பு நின்னா வுட்டுட்டுப் போயிடுது."

"எங்கக்கா மூடிக்குது?"

"அத்தான் கண்டுபுடிக்கணும். நாளைக்கு அது நிக்கணும். நின்னவொடனே நான் ஒண்ணு பாக்கணும்."

பேங்க் அம்மா இதற்குள் ஒரு குப்பைத் தொட்டியைத் தொட்டிருந்தாள். பிரேக்கை மிதிக்கத் தஸ்னீம் மறந்தது அவள் வேலைக்கு வந்த ஏழு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் ஜீப்பை எடுத்தார்கள். வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிளம்பியது அன்றைக்குத்தான். ஆனால் அது நிற்கவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம், அங்கிருந்து காசிமேடு. இருபது நிமிஷம் ஆனது. இருபத்தைந்து ஆனது. ரமாபாய் கடிகாரத்தையும் தஸ்னீமையும் மாறி மாறிப் பார்த்தாள். மீன்பிடித் துறைமுகத்து வாசலை இரண்டு தடவை சுற்றியாயிற்று. முப்பத்தோராவது நிமிஷம், ஐஸ் ஏற்றிய வண்டிகளுக்கு நடுவில், எஞ்சின் மூச்சு வாங்கியது. தஸ்னீம் கையைத் தட்டினாள். ரமாபாய் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். வண்டி நின்றதற்கு இரண்டு பெண்கள் சந்தோஷப்படுவதை ஐஸ் வண்டிக்காரர்கள் வினோதமாகப் பார்த்தார்கள்.

பானெட்டைத் திறந்தால், எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கைப்பம்ப் இருக்கும். அதன் குமிழை இழுத்து இழுத்து விட்டால் டாங்கியிலிருந்து டீசல் ஏறும். ரமாபாய் குமிழைப் பிடித்து இழுத்தாள். வரமாட்டேன் என்றது. பலம்கொண்டு இழுத்து விட்டதும் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுத்தது மாதிரி சடக்கென்று உள்ளே போய்விட்டது. தஸ்னீமையும் இழுத்துப் பார்க்கச் சொன்னாள். அதே இறுக்கம். வாயில் பிளாஸ்டிக் கவரை வைத்துக்கொண்டு மூச்சை இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்தபடி நின்றார்கள். எட்டாவது நிமிஷம் உள்ளே எங்கோ 'க்ளக்' என்று ஒரு சத்தம். குமிழ் வெண்ணெயில் கத்தி போவது போல வழுக்கிக்கொண்டு வந்தது.

அவ்வளவுதான். கோளாறு பம்பில் இல்லை. பம்புக்கு முன்னால் இருக்கிறது. ஒன்று டாங்கியில், இல்லையென்றால் டாங்கியிலிருந்து வருகிற குழாயில். அன்றைக்கு ராத்திரி ரமாபாய் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, ரசத்தை ஊற்றிக்கொண்டபின் சோறு போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லோகநாதனின் பட்டறை வாசலில் வைத்தே சோதனை. லாரிகள் இல்லாததால் அவனும் நின்று பார்த்தான். ரமாபாய் டாங்கியிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி, அதன் வாயைத் துணியால் கட்டினாள். ஐந்து லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, அதிலிருந்து ஒரு புது டியூபை நேராக எஞ்சினுக்குக் கொடுத்தாள். கேனைக் குழந்தையை வைத்துக்கொள்கிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். டாங்கியே இல்லாமல் ஓட்டிப் பார்க்கிறோம், நிற்காமல் ஓடினால் குற்றவாளி டாங்கிப் பக்கம்தான் என்றாள். நின்றால் பம்பை நானே கழற்றித் தருகிறேன் என்று லோகநாதனிடம் சொன்னாள். இருவரும் கிளம்பினார்கள்.

இருபது நிமிஷத்தில் குப்பம்மாவின் கடை வந்தது. ஸ்டூலை எடுக்கப் போனவள் ஜீப் நிற்காமல் போவதைப் பார்த்துக் கையில் ஸ்டூலோடு நின்றாள். தஸ்னீம் ஹாரன் அடித்தாள். முப்பது நிமிஷம். எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தன. இந்த வண்டியில் அவர்கள் அந்த இடத்தைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. நாற்பது. நிலக்கரித் தூசி மூக்கில் ஏறியது. ரமாபாயின் புடவை முழுக்க டீசல் நாற்றம். தஸ்னீம் வேண்டுமென்றே ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தாள். வண்டி பாய்ந்தது. இரண்டு பேரும் பேசவே இல்லை. பேசினால் கெட்டுவிடுமோ என்று பயம். திரும்பித் தண்டையார்பேட்டைக்குள் நுழையும்போது ஒரு மணி நேரமும் எட்டு நிமிஷமும் ஆகியிருந்தது.

லோகநாதன் தானாகவே ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தான்.

டாங்கியின் மேல் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பொன்நிற டீசல்தான் தெரிந்தது. அடியில் கொஞ்சம் துரு. அடைக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. ரமாபாய் மூன்று தடவை பார்த்தாள். குழாயில் காற்றை ஊதிப் பார்த்தாள், அதுவும் சுத்தமாகப் போயிற்று. முதல் தடவையாக அவள் முகம் விழுந்தது. சரி, எதற்கும் டீசலை வெளியே எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று தஸ்னீம் உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூபை அடிவரை விட்டு, வாயால் இழுத்து, பக்கெட்டில் விட்டாள். டீசல் சளசளவென்று இறங்கியது. பாதிப் பக்கெட் நிறைந்திருக்கும். திடீரென்று நின்றுவிட்டது. டாங்கியில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.

தஸ்னீம் டியூபை ஆட்டப் போனாள். ரமாபாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆட்டாத. விரலால மேல மூடிக்கினு அப்படியே மெதுவா தூக்கு."

டியூப் ஒவ்வொரு அங்குலமாக மேலே வந்தது. கடைசியாக அதன் நுனி வெளியே வந்தபோது அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம். கண்ணாடி மாதிரி தெளிவு. லோகநாதன் அதை இரண்டு விரலால் எடுத்து வெயிலுக்குக் காட்டினான். ஒரு பால் கவரின் பாதி. மேலே இருந்த அச்செல்லாம் டீசலில் கரைந்து, நிறமே இல்லாமல் போயிருந்தது. அதனால்தான் டார்ச்சுக்கும் சிக்கவில்லை. எஸ்டேட்டில் எப்போதோ டாங்கி மூடி தொலைந்துபோய், யாரோ ஒரு பால் கவரை வாயில் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். அது உள்ளே நழுவி விழுந்து, எத்தனை வருஷமோ, எஞ்சின் இழுக்கும்போதெல்லாம் மெல்லத் தவழ்ந்துபோய்க் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

தஸ்னீம் சிரிக்க ஆரம்பித்து, அடக்க முடியாமல் பட்டறைத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். ரமாபாய்க்குக் கண் கலங்கியது. டீசல் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டாள். லோகநாதன் அந்தக் கவரைத் திண்டில் விரித்துப் போட்டுவிட்டு, "யக்கா, நான் பம்ப கழட்டியிருப்பேன். புதுசே போட்டாலும் நின்னுருக்கும்" என்றான். பிறகு ஆளனுப்பி மூன்று டீ வரவழைத்தான்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஜீப் ஓடியது. தெரு பெயரை மாற்றிக்கொள்ளவில்லை என்றாலும் சொல்லும்போது குரலில் கேலி குறைந்திருந்தது.

பதின்மூன்றாவது நாள், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குப்பம்மா தஸ்னீமுக்குப் போன் செய்தாள். விடியற்காலையிலிருந்து கடல் ஏறிக்கொண்டே வருகிறது, கரையை அரிக்கிறது. வழக்கமாகப் படகை மேலே இழுக்கிற டிராக்டர் பட்டறையில் கிடக்கிறது. இன்னொரு டிராக்டர் வர மத்தியானம் ஆகுமாம். ஆறு படகு தண்ணீர் ஓரத்தில் நிற்கிறது, ஆட்களால் இழுத்து மாளவில்லை. "உன் வண்டி நாலு காலாலயும் இழுக்கும்னு சொன்னியே" என்று முடித்தாள்.

தஸ்னீம் அன்றைய வகுப்புகளை ரத்து செய்தாள். அவள் கணவன் தவ்ஃபீக்குக்குத் தண்டையார்பேட்டையில் பழைய கப்பல் கயிறு விற்கிற கிடங்கு. அவன் இருப்பதிலேயே நல்ல கயிறாக இரண்டு சுருள் எடுத்து ஜீப்பில் ஏற்றிக்கொடுத்தான். ரமாபாயையும் ஏற்றிக்கொண்டு தாழங்குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான், இன்றைக்கு யாருமே கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று ரமாபாய்க்கு உறைத்தது.

கரையில் சத்தம் காதை அடைத்தது. அலை ஒவ்வொன்றும் மணலை ஒரு முழம் கடித்துக்கொண்டு போனது. ஆறு ஃபைபர் படகுகளையும் எஞ்சினைக் கழற்றிவிட்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தஸ்னீம் ஜீப்பைத் திருப்பி முதல் படகுக்குக் கயிறு கட்டவைத்தாள். நாலு சக்கர ஓட்டத்துக்கான சின்னக் கம்பியைத் தள்ளி, மெதுவாகக் கிளட்ச்சை விட்டாள்.

பின்சக்கரம் இரண்டும் சுற்றியது. முன்சக்கரம் அசையவில்லை. ஜீப் அச்சு வரைக்கும் மணலில் இறங்கியது.

ஆட்கள் நாலு பக்கமிருந்தும் கத்தினார்கள். வண்டியை எடு, வழியை அடைக்காதே என்றார் ஒருவர். அடுத்த அலை பின்சக்கரத்தை நனைத்துவிட்டுப் போனது. ரமாபாய் ஈர மணலில் குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். லேசாகக் கிளட்ச்சை விடச் சொல்லி தஸ்னீமுக்குக் கை காட்டினாள். எஞ்சினிலிருந்து முன்னச்சுக்குப் போகிற நீள ராடு சுற்றியது. ஆனால் சக்கரம் சும்மா இருந்தது. அப்படியானால் கம்பி சரி, கியர் சரி. சக்தி சக்கரம் வரை வருகிறது, சக்கரத்தைப் பிடிக்கவில்லை. எழுந்து முன்சக்கரத்தின் நடுவில் தடவிப் பார்த்தாள். முட்டை மாதிரி உருண்டையாக, பச்சைப் பெயின்ட் கெட்டியாக மூடியிருந்தது. விரலுக்கு ஏதோ ஒரு விளிம்பு தட்டுப்பட்டது.

கத்தி கேட்டாள். குப்பம்மா இடுப்பில் செருகியிருந்த மீன் கத்தியை எடுத்துக் கொடுத்தாள். ரமாபாய் பெயின்ட்டைச் சுரண்டினாள். பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை, அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே உலோகம். உலோகத்தில் ஒரு அம்புக்குறியும் இரண்டு கோடுகளும். நடுவில் திருகுகிற குமிழ். ரோட்டில் ஓடும்போது முன்சக்கரங்களைத் தனியாக விட்டுவிடவும், சேற்றிலும் மணலிலும் பூட்டிக்கொள்ளவும் செய்த ஏற்பாடு. கையால் திருப்ப வேண்டியது. அதன் மேல்தான் எஸ்டேட்டில் வருஷா வருஷம் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

"தஸ்னி, இது தொறந்து கீது. ரெண்டு பக்கமும் பூட்டணும்" என்று கத்தினாள்.

இடது பக்கத்துக் குமிழ் குறட்டுக்குத் திரும்பியது. வலது பக்கம் துருவேறி இறுகியிருந்தது. தஸ்னீம் இறங்கிவந்து ஒரு கை கொடுத்தாள், அப்போதும் அசையவில்லை. கொஞ்சம் முன்பு வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தியவர் பெயர் ஜெயவேல். படகு எஞ்சின் வேலை தெரிந்தவர். அவர் ஓடிப்போய் மண்ணெண்ணெயும் ஒரு பைப் ரிஞ்சும் கொண்டுவந்தார். குமிழைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். படகை உருட்டுகிற கட்டையால் சுற்றிலும் மெல்லத் தட்டினார்கள். ஒரு அலை வந்து மூன்று பேரையும் முழங்கால் வரை நனைத்தது. ஜெயவேல் ரிஞ்சைப் போட்டுப் பிடிக்க, ரமாபாய் தன் முழு எடையையும் அதன் மேல் வைத்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம். அம்பு கால்வட்டம் திரும்பி அடுத்த கோட்டில் போய் உட்கார்ந்தது.

தஸ்னீம் ஏறி உட்கார்ந்தாள். முதல் கியர், எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த வேகம். கிளட்ச்சை விட்டாள்.

முன்சக்கரம் மணலைக் கவ்வியது. ஜீப் தன் குழியிலிருந்து முக்கிக்கொண்டு மேலே எழும்பியது. கயிறு விறைத்தது. ஒரு கணம் எதுவும் அசையவில்லை. பிறகு படகு, அதற்கு அடியில் கட்டை, கட்டைக்குப் பின்னால் தோள் கொடுத்தவர்கள், எல்லாம் சேர்ந்து நகர ஆரம்பித்தது. நடக்கிற வேகம்கூட இல்லை. ஆனால் நிற்கவில்லை. மேட்டின் மேல், வலை காயப்போடுகிற இடம் வரை படகு போய்ச் சேர்ந்தது.

யாரும் கைதட்டவில்லை, நேரமில்லை. இரண்டாவது படகுக்குக் கயிறு மாற்றினார்கள். எந்தப் படகு முதலில் என்று இரண்டு பேர் சண்டை போட ஆரம்பித்ததைக் குப்பம்மா அடக்கினாள். ஆறில் ஒன்று அவள் மகனுடையது. அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், தண்ணீர் தொடுவதை முதலில் இழு என்றாள். நாலாவது படகை இழுக்கும்போது கிளட்ச் கருகுகிற நாற்றம் வந்தது. ரமாபாய் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, அலையைப் பார்த்தபடி நின்றாள். அவள் வாழ்க்கையிலேயே நீளமான ஐந்து நிமிஷம் அது. ஐந்தாவது படகின் பின்பக்கம் அலையில் அடிபட்டுக் கொஞ்சம் பிளந்தது. ஆனாலும் மேலே வந்துவிட்டது. ஆறாவதை, குப்பம்மா மகனின் படகை, எடுக்கும்போது மணி பத்தே கால். அது நின்ற இடத்தில் பத்து நிமிஷத்துக்கெல்லாம் தண்ணீர்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஜீப்பைச் சுற்றி வந்தார்கள். ஒருவர் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். ஜெயவேல் ரமாபாயிடம், எந்தக் கம்பெனியில் மெக்கானிக் வேலை என்று கேட்டார். ஐஸ்கிரீம் பெட்டி ரிப்பேர் என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. யாரோ வீட்டிலிருந்து இட்லியும் நெத்திலிக் குழம்பும் வந்தது. மேட்டு மணலில் உட்கார்ந்து, தலையிலிருந்து கால்வரை மண்ணும் உப்புமாக, இரண்டு பேரும் எத்தனை இட்லி என்று எண்ணாமல் சாப்பிட்டார்கள். ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால் ஓட்டுவது இப்படி இருக்கும் என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றாள் தஸ்னீம். திரும்பவும் எப்போது வரலாம் என்றும் கேட்டாள்.

குப்பம்மா சாப்பிடவில்லை. ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். கதவைத் திறந்து, யாரையும் கேட்காமல், டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். அவள் மகன் கீழேயிருந்து, எதையாவது தொட்டுத் தொலைக்காதே, இறங்கு என்றான்.

"நீ நவுரு. நான் வண்டிக்காரிய கேக்கறேன்" என்றாள் குப்பம்மா. பிறகு தஸ்னீமைப் பார்த்து, "எனக்கு இத்த கொஞ்ச தூரம் ஓட்டக் கத்துக் குடுமே" என்றாள்.

தஸ்னீம் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து, பக்கத்து சீட்டில் ஏறினாள். கிளட்ச் எது, பிரேக் எது என்று காட்டினாள். வகுப்பில் சொல்கிற அதே வார்த்தைகள், அதே வரிசை. குப்பம்மா செருப்பைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு வெறுங்காலைப் பெடலில் வைத்தாள். எஞ்சின் ஓடியது. இடது காலை மெதுவா விடு, இன்னும் மெதுவா, என்றாள் தஸ்னீம்.

ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி, பிறகு வலைகளுக்கும் படகுகளுக்கும் நடுவில் மணலில் ஊர்ந்து போக ஆரம்பித்தது. முன்னால் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே விலகினார்கள். குப்பம்மா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்தபடி, கண்ணை எதிரே வைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள். மாதா கோயில் பக்கம் வந்ததும் போதுமா என்று தஸ்னீம் கேட்டாள்.

"பேசாத கண்ணு" என்றாள் குப்பம்மா. "அந்த முனை வரைக்கும் போயிட்டு வரலாம்."